ஏழாம் பாகத்துக்கு ஒரு திருத்தம்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீசுல ஆணி அதிகம், புடுங்கப் புடுங்க முளைக்குது. கடைக்கு ஷட்டர் போட்டாச்சான்னு ரெண்டு பேர் மெயில்ல கேட்டிருந்தாங்க. இல்லைங்க, இருக்கேன். ஒட்டடை அடிச்சுட்டு இப்பத்தான் உக்காந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

பழைய மக்களுக்கு ஞாபகம் இருக்கும். 2018 அக்டோபர்ல எவரெஸ்ட் பேஸ் கேம்ப் வரைக்கும் நடந்து போயிட்டு வந்து ஏழு பாகம் எழுதினேன். (தொடர் முடிஞ்சதும் "அப்பாடா"ன்னு ஒரே வார்த்தையில பின்னூட்டம் போட்ட நண்பரை இன்னும் மறக்கல.) அந்த ஏழாம் பாகத்துல, முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இப்படி ஒரு வரி வரும்: "பதினாலு நாள்ல அந்த மலையில ஒரு மிட்டாய்த் தாள் கூட நான் விட்டுட்டு வரலை." மொத்தத் தொடர்லயும் அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். எனக்கும் உள்ளுக்குள்ள ஏக சந்தோஷம்.

அந்த வரி தப்பு. வேணும்னே சொன்ன பொய் இல்ல, ஆனா தப்பு. எப்படித் தப்புன்னு தெரியறதுக்கு இவ்வளவு வருஷமும், ஒரு வெள்ளை வேட்டியும் தேவைப்பட்டுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். லுக்லாவுல விமானம் இறங்கின நிமிஷத்துல இருந்து நான் ஒரு ஜிப் போட்ட பையை இடுப்புல கட்டிக்கிட்டேன். சாக்லேட் உறை, மாத்திரை அட்டை, மூக்கு சிந்தின டிஷ்யூ எல்லாம் அதுக்குள்ள. நாம்சே பஜார்ல கூட வந்த ஒரு ஆளு காலிப் பாக்கெட்டைக் காத்துல விட்டப்ப, ஓடிப்போய்ப் பொறுக்கிட்டு வந்து அவர் கையிலயே குடுத்தேன். அதுக்கப்புறம் அவர் என்கூடப் பேசவே இல்ல. :-) தண்ணிக்கு வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போன எவர்சில்வர் பாட்டில். லாட்ஜ்ல கொதிக்க வெச்ச தண்ணியைக் காசு குடுத்து வாங்கி அதுல ஊத்திக்கிட்டேன். அவ்வளவு சுத்தபத்தம்.

உடம்புல என்ன போட்டிருந்தேன்? காத்மாண்டுல தாமெல் கடைத்தெருவுல அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கின ஒரு ஆரஞ்சு கலர் ஃப்ளீஸ் ஜாக்கெட். தொடர்ல வந்த எல்லாப் படத்துலயும் நான் அதைத்தான் போட்டிருப்பேன், "பூசணிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கீங்க"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்களே, அதேதான். ராத்திரி தூங்கறதும் அதுலதான். லொபுச்சேயில குளிர் தாங்காம அது மேல இன்னொண்ணு போட்டு, பதினாலு நாளும் அதைக் கழட்டினது ரெண்டோ மூணோ தடவை.

போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, நானும் ஃப்ரெண்ட்ஸும் அக்டோபர்ல பேஸ் கேம்ப் போறோம். உங்க ஜாக்கெட் இருக்கா?" இருக்கேடா, பரண்ல இருக்கு. இறக்கித் தூசி தட்டினேன். ஒரு மாதிரி வாடை. மெஷின்ல போட்டேன். ஒரே துணிக்கு எதுக்கு அவ்வளவு தண்ணின்னு, பக்கத்துல கெடந்த நாலஞ்சு துணியையும் சேர்த்துப் போட்டேன். அதுல ஒண்ணு அப்பாவோட வேட்டி.

எடுத்துப் பார்த்தா வேட்டி முழுக்க ஆரஞ்சு முடி. உதறினா போகல, தட்டினா போகல. தங்கமணி வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம மெஷினுக்குள்ள பஞ்சு பிடிக்கிற வலைப்பையைக் கழட்டிக் கையில குடுத்தாங்க. உள்ளே ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆரஞ்சுப் பஞ்சு. "இது வலையில நின்னது. நிக்காதது சாக்கடையில போயிருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கோபமாத் திட்டினா கூட சமாளிச்சுருவேன்.

அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை. அவர் கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லுல முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவர். துணியைத் தொட்டாப் போதும், என்ன கலப்புன்னு சொல்லிடுவார். கல்யாண வீட்டுல பக்கத்து இலைக்காரர் சட்டையைத் தடவிப் பார்த்து "அறுபத்தேழு முப்பத்திமூணு"ன்னு சொல்லி மானத்தை வாங்கினவர். (பாலியஸ்டர் 67, பருத்தி 33. அந்தக் காலத்துக் கலப்பு.) அவர் அந்த ஆரஞ்சு உருண்டையை வாங்கிட்டு அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாடியே போனேன்.

வேட்டி ஓரத்துல இருந்து ஒரு நூலை உருவி அடுப்புல காட்டினார். காகிதம் எரியற வாசம், குப்புன்னு எரிஞ்சு சாம்பலாச்சு. விரல்ல தேய்ச்சா மாவு மாதிரி காணாமப் போச்சு. அப்புறம் ஆரஞ்சுப் பஞ்சுல ஒரு கிள்ளு. அது எரியல, சுருங்குச்சு. உருகி, ஒரு வாடையோட, கருப்பா ஒரு மணி ஆச்சு. ஆறினதும் என் உள்ளங்கையில வெச்சார். நகத்தால அழுத்தினேன், உடையல.

"பிளாஸ்டிக் கண்ணு. நூறு பர்சென்ட்."

அதோட விட்டிருக்கலாம். ஜாக்கெட்டைத் திருப்பி உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் தடவிப் பார்த்துட்டு ஒரு பாடமே எடுத்தார். ஃப்ளீஸ்ங்கிறது சாதாரணமா பின்னின துணிதானாம். பின்னி முடிச்சப்புறம் கம்பிப் பிரஷ் சுத்துற மெஷின்ல விட்டு, மேல இருக்குற நூலைக் கிளறி, முடி முடியா எழுப்பி விடுவாங்களாம். திருப்பூர்ல அதுக்கு ரெய்சிங்னு பேரு. அந்த முடிக்கு நடுவுல காத்து நிக்கறதாலதான் கதகதப்பு. "பாதி அறுந்த நூலைத்தான்டா நீ மேல போட்டுட்டுத் திரியற. அது கொட்டாம என்ன பண்ணும்?"

சரி, நம்ம ஊர் சாக்கடைக்குப் போச்சு, போகட்டும்னு நினைச்சேன்னு வெச்சுக்குங்க (எவ்வளவு நல்ல மனசு பாருங்க). ஆனா ராத்திரி படுத்தா, லொபுச்சேயில அந்த ஜாக்கெட்டோட உருண்டு உருண்டு படுத்ததே ஞாபகத்துக்கு வருது. எழுந்து கம்ப்யூட்டரைத் தட்டினேன்.

தட்டியிருக்கக் கூடாது.

2019 ஏப்ரல், மே மாசத்துல நேஷனல் ஜியாக்ரஃபிக் சார்புல ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழு எவரெஸ்ட் போச்சு. கவனிங்க, நான் வந்துட்டுப் போன ஆறேழு மாசத்துல. அவங்க வழியெல்லாம் பனியும் ஓடைத் தண்ணியும் சேகரிச்சாங்க. பனி மொத்தம் 11 இடத்துல, தண்ணி 8 இடத்துல. அதை இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்துல இமோஜன் நேப்பர்னு ஒரு விஞ்ஞானி தலைமையில ஆராய்ஞ்சு 2020 நவம்பர்ல வெளியிட்டாங்க. 5 மில்லிமீட்டருக்குக் கீழ இருக்குற பிளாஸ்டிக் துணுக்கைத்தான் மைக்ரோபிளாஸ்டிக்னு சொல்றாங்க, நம்ம பேப்பர்கள்ல நுண்நெகிழின்னு எழுதறாங்க. அந்தப் பேரை 2004-ல பிரபலமாக்கின ரிச்சர்ட் தாம்சனும் அதே பல்கலைக்கழகம்தான். அப்ப அவர் தேடினது கடல்ல. பதினாறு வருஷத்துல தேடல் கடல்ல ஆரம்பிச்சு எவரெஸ்ட் வரைக்கும் ஏறிடுச்சு.

பதினொரு பனி மாதிரியிலயும் இருந்துச்சு. ஒண்ணு விடாம. சராசரியா ஒரு லிட்டருக்கு 30 துணுக்கு. உச்சிக்குக் கொஞ்சம் கீழ 'பால்கனி'ன்னு ஒரு இடம், 8,440 மீட்டர். அங்க கூட 12. எல்லாத்துலயும் அதிகம் எங்க தெரியுமா? பேஸ் கேம்ப்ல. லிட்டருக்கு 79.

துணுக்குன்னா உடைஞ்ச பாட்டில், கிழிஞ்ச பை இல்ல. பெரும்பாலும் நார், அதுலயும் பாலியஸ்டர் முதல் இடம், அப்புறம் அக்ரிலிக், நைலான், பாலிப்ரோப்பிலீன். மலையேறுறவங்க போடுற துணி, கூடாரம், கயிறு இதுல இருந்து வந்திருக்கலாம், காத்துலயும் கீழ இருந்து வந்திருக்கலாம்னு அந்தக் கட்டுரை சொல்லுது.

அந்தப் பேஸ் கேம்ப் பனியாறை நேர்ல பார்க்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. கும்பு பனியாறுன்னதும் வெள்ளை வெளேர்னு ஒரு ஆறு உறைஞ்சு கெடக்கும்னு நினைச்சுட்டுத்தான் நானும் போனேன். அப்படி இருக்காது. சாம்பல் நிறக் கல்லும் மண்ணும் கொட்டின பெரிய குவாரி மாதிரி இருக்கும். ஐஸ் அதுக்கு அடியில. எங்கயோ உள்ளே தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நடுநடுவுல ஒரு கல் உருண்டு விழும். நான் ஒரு பாறைமேல உக்காந்து, கையைத் தேய்ச்சு, மூச்சு வாங்கிட்டு, அந்தப் படத்தை எடுத்துக்கிட்டேன். கையைத் தேய்ச்சேன், ஜாக்கெட் மேலதான்.

அப்புறம் இன்னொரு ஆராய்ச்சி. இதுவும் பிளைமவுத்தும் இத்தாலிக்காரங்களும் சேர்ந்து 2020-ல வெளியிட்டது. பாலியஸ்டர் துணி துவைக்கிறப்ப எவ்வளவு நார் கொட்டுது, சும்மா போட்டுட்டுத் திரியறப்ப எவ்வளவு கொட்டுதுன்னு பார்த்தாங்க. ஒரு ஆளு வருஷத்துக்குத் துவைக்கிறதுல கிட்டத்தட்ட 30 கோடி நார். சும்மா போட்டுக்கிட்டு நடமாடுறதுலயே காத்துக்கு 90 கோடிக்கு மேல.

எனக்குக் கணக்கு வீக்கு. இருந்தும் போட்டுப் பார்த்தேன். 90 கோடியை 365-ஆல வகுத்து, பதினாலால பெருக்கினா ஏறத்தாழ மூணே முக்கால் கால் குறைவா... சரி, 3 கோடியே 45 லட்சம். இது விஞ்ஞானம் இல்ல, என் அடுப்படிக் கணக்கு. ஒருத்தர் ஒரு வருஷம் போடுற துணி வேற, நான் போட்ட ஒரு ஜாக்கெட் வேற. பத்துல ஒரு பங்குன்னே வெச்சுக்குங்க. அப்பவும் முப்பத்தி நாலு லட்சம். மிட்டாய்த் தாள் ஒண்ணு கூட இல்லைதான்.

காலையில இதை அப்பாகிட்ட சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்ல. "பஞ்சு பறக்காம துணி ஏதுடா? மில்லுல நாங்க தலையெல்லாம் வெள்ளையாத்தான வீட்டுக்கு வருவோம்." வந்தது ஞாபகம் இருக்கு. புருவத்துல கூட இருக்கும். வார லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் அவருக்கு நெஞ்சு அடைக்கும், இழுக்கும். மில் தொழிலாளிங்க நிறையப் பேருக்கு அது உண்டு, பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய், டாக்டருங்க பிசினோசிஸ்னு சொல்லுவாங்க. அதனாலயோ என்னவோ, காத்துல பறக்குற நாரைப் பத்திப் பேசறப்ப அவர் கையால மூக்கு முன்னாடி ஒரு தடவை விசிறிக்குவார்.

நான் கேட்டேன், "அது சரிப்பா, ஆளே போகாத மலையிலயும் இருக்குங்கறாங்களே, எப்படி?"

ஏன்னா அதுவும் படிச்சுட்டேன். பிரான்சு, ஸ்பெயின் எல்லையில பைரனீஸ் மலை. பக்கத்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி, 1,400 மீட்டர் உயரத்துல ஒரு கண்காணிப்பு நிலையம். அங்க அஞ்சு மாசம் வானத்துல இருந்து விழறதை மட்டும் பிடிச்சுப் பார்த்தாங்க. ஒரு சதுர மீட்டர்ல ஒரு நாளைக்குச் சராசரியா 365 பிளாஸ்டிக் துணுக்கு. காத்து 95 கிலோமீட்டர் வரைக்கும் சுமந்துட்டு வந்திருக்குன்னு கணக்குப் போட்டாங்க, 2019-ல வெளிவந்துச்சு. அதே வருஷம் இன்னொரு குழு ஆல்ப்ஸ்ல இருந்து ஆர்க்டிக் மிதக்கும் ஐஸ் வரைக்கும் பனியைச் சோதிச்சாங்க. ஜெர்மனியில பவேரியாவுல ரோட்டோரப் பனியில லிட்டருக்கு 1,54,000. ஆர்க்டிக் ஐஸ் மேல விழுந்த பனியில கூட லிட்டருக்கு 14,400 வரைக்கும். (இந்த எண்ணையும் எவரெஸ்ட் எண்ணையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது. அவங்க இன்னும் பொடிசானதை எல்லாம் எண்ணக்கூடிய கருவி வெச்சு எண்ணினாங்க. பின்னூட்டத்துல யாராவது ஆர்க்டிக் எவரெஸ்டை விட மோசமான்னு கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன்.)

அப்பா சொன்ன பதில் எந்தக் கட்டுரையிலயும் இல்லாத அழகு. "மில்லுல ஏன் எப்பவும் தண்ணியைப் புகையாத் தெளிச்சு ஈரமா வெச்சிருப்போம்னு நினைக்கிற? நூல் அறுந்துடக் கூடாதுன்னு ஒண்ணு. இன்னொண்ணு, ஈரம் இருந்தாத்தான் பறக்குற பஞ்சு கீழ படியும். காஞ்ச காத்துல அது பாட்டுக்கு மெதந்துக்கிட்டே இருக்கும். ஈரம் பட்டுச்சுன்னா தரைக்கு வந்துரும். பனியும் அப்படித்தான இருக்கும்?"

அப்படியேதான். பனித்துகள் விழற வழியில காத்துல இருக்குறதை எல்லாம் ஒட்டி இழுத்துக்கிட்டுத்தான் கீழ வருது. உலகத்துல எந்த மூலையில கொட்டின நாரும் மேல போய்ச் சுத்திக்கிட்டு இருந்தா, பனி அதைக் கீழ இறக்கி வைக்குது. பனியாறு அதைப் பத்திரமா வாங்கி வெச்சுக்குது. அண்டார்டிகாவுல ராஸ் தீவுல புதுசா விழுந்த பனியில கூட லிட்டருக்குச் சராசரி 29 இருந்துச்சுன்னு 2022-ல நியூசிலாந்துக்காரங்க சொன்னாங்க.

பனியாறுல முதன்முதல்ல தேடிக் கண்டுபிடிச்சது இத்தாலியில. ஆல்ப்ஸ்ல ஸ்டெல்வியோ தேசியப் பூங்காவுல ஃபோர்னின்னு ஒரு பனியாறு. மிலானோ ஊர் ரெண்டு பல்கலைக்கழகத்து ஆளுங்க அதும்மேல கெடந்த மண்ணை அள்ளிப் பார்த்தாங்க. ஒரு கிலோ மண்ணுல சராசரி 74 துணுக்கு. பனியாறோட நாக்குப் பகுதியில மட்டும் மொத்தம் 13 கோடியே 10 லட்சத்துல இருந்து 16 கோடியே 20 லட்சம் வரைக்கும் இருக்கலாம்னு 2019-ல மதிப்பிட்டாங்க. அங்கயும் பாலியஸ்டர்தான் முன்னாடி நிக்குது. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் எண்ணிக்கை இல்ல. மண் அள்ளப் போனப்ப தங்க துணியில இருந்தே நார் விழுந்துடக் கூடாதுன்னு அவங்க முழுக்கப் பருத்தி உடுப்புப் போட்டு, காலுக்கு மரக்கட்டைச் செருப்பு மாட்டிக்கிட்டுப் போனாங்களாம்! ஐஸ் மேல பாதக்குறடு மாதிரி ஒண்ணை மாட்டிட்டுப் போற விஞ்ஞானிங்களை நினைச்சா சிரிப்பு வருது. சிரிச்சு முடிச்சதும், நான் பூசணிக்காய் மாதிரி ஆடி ஆடிப் போனது ஞாபகம் வந்து சிரிப்பு நின்னுடுது.

சரி, விழுந்தது ஐஸுக்குள்ளயே கெடந்துட்டுப் போகட்டும்னு விடலாம்ல? கெடக்காது. ஐஸ் உருகுது. அதே 2019 எவரெஸ்ட் குழு 8,020 மீட்டர் உயரத்துல தெற்குக் கணவாய்ப் பனியாறைத் துளை போட்டு ஆராய்ஞ்சாங்க. 2022-ல வெளியிட்ட முடிவு இது: அங்க சுமார் 2,000 வருஷமா சேர்ந்த ஐஸ் ஏறத்தாழ 25 வருஷத்துல கரைஞ்சு போயிருக்கு. 55 மீட்டர் கனம். அதை உருக்கினது பிளாஸ்டிக் இல்ல, பூமி சூடாகறதுதான், அதுல குழப்பம் வேண்டாம். ஆனா உருகற ஐஸ் தனியாப் போறதில்லையே, தன்கிட்ட குடுத்து வெச்சதையும் எடுத்துட்டுத்தான் கீழ போகுது. கும்பு பனியாறுத் தண்ணி தூத் கோசியில கலக்கும். தூத் கோசி பெரிய கோசியில, கோசி பீகார்ல கங்கையில. கங்கையில இருந்து வங்காள விரிகுடாவுக்கு ஒரு நாளைக்கு 100 கோடியில இருந்து 300 கோடி நுண்துணுக்கு வரைக்கும் போய்ச் சேரலாம்னு 2021-ல ஒரு மதிப்பீடு வந்துச்சு. அதுல மலையில இருந்து வந்தது கொஞ்சம், வழியில கங்கைக்கரை ஊருங்க துவைச்சுக் கொட்டினது மிச்சம்.

வங்காள விரிகுடா வரைக்கும் எதுக்குப் போகணும். வழியிலேயே என் வழிகாட்டித் தம்பி வீடு இருக்கு.

நாம்சேக்குக் கீழ ஒரு சின்ன ஊர். திரும்பி வர்றப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் அம்மா ஓடையில இருந்து வர்ற குழாய்த் தண்ணியில டீ போட்டுக் குடுத்தாங்க. அவன் என்னைக் கூப்பிடறது "தாய்"னு. நேபாளியில அண்ணன்னு அர்த்தம். பதினாலு நாள் ஒரு ஆம்பளை என்னை "தாய், தாய்"னு கூப்பிட்டா தமிழனுக்கு எப்படி இருக்கும்னு மூணாம் பாகத்துலயே புலம்பியிருக்கேன். :-)

மனசு கேக்காம அவனுக்குப் போன் போட்டேன். அவனுக்கும் எனக்கும் பொதுவான மொழி ஓட்டை இந்தி. விஷயத்தைச் சொன்னேன். பேஸ் கேம்ப் பனியில எழுபத்தொம்பது, ஓடைத் தண்ணியில எட்டுல மூணு இடத்துல இருந்துச்சு, சராசரி லிட்டருக்கு ஒண்ணு. என் ஜாக்கெட்டுல இருந்தும் கொட்டியிருக்கும் தம்பி, மன்னிச்சுக்கோன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சிரிச்சான்.

"தாய், நீங்க வருஷத்துக்கு ஒரு தடவை கூட வர்றதில்ல. நான் வருஷம் முழுக்க இதே ஃப்ளீஸ்தான் போட்டிருக்கேன். எங்கம்மாவும் அதான். எங்க தாத்தா யாக் முடிக் கம்பளி போட்டாரு, நனைஞ்சா ஒரு மூட்டை கனம். இது லேசு, சீக்கிரம் காயுது, விலையும் கம்மி."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, அப்ப நாங்க வராம இருந்தா நல்லதான்னு கேட்டேன். அபத்தமான கேள்விதான்.

"வராட்டி நான் என் பையனை எப்படிப் படிக்க வைப்பேன்? வாங்க. தண்ணியில லிட்டருக்கு ஒண்ணுதான? அதைக் கூட வடிகட்டறதுக்கு ஏதாவது கண்டுபிடிச்சா அதையும் எடுத்துட்டு வாங்க."

கிண்டல் பண்றானா, நிஜமாச் சொல்றானான்னு இன்னும் பிடிபடல.

இந்த இடத்துல நம்ம பதிவர்கள்ல சிலபேர், "அதான் பாருங்க, பருத்திக்கும் கம்பளிக்கும் திரும்பணும்"னு எழுதுவீங்கன்னு தெரியும். நானும் ரெண்டு நாள் அந்த மயக்கத்துல இருந்தேன். 1924-ல எவரெஸ்ட் ஏறிக் காணாமப் போன ஜார்ஜ் மலோரியோட உடம்பு 1999-ல கிடைச்சப்ப, அவர் போட்டிருந்த துணித் துண்டுகளும் கிடைச்சுது. பட்டு, பருத்தி, கம்பளி, அடுக்கடுக்கா. மேல கேபர்டின். அதே மாதிரி ஒரு செட் தைச்சு 2006-ல ஒருத்தர் எவரெஸ்ட் சரிவுலயே போட்டுப் பார்த்து, நல்ல சௌகரியமாத்தான் இருக்குன்னார். அப்பாகிட்ட சொன்னேன், கண்ணு விரிஞ்சுது. "எழுபத்தஞ்சு வருஷம் பனியில கெடந்தும் மிஞ்சியிருக்குதா? என்ன கவுண்ட்டுல நூத்திருப்பான்?" அது அவர் கவலை. ஆனா அந்தத் தையலும் அந்தக் கம்பளியும் அன்னைக்கே வசதியான இங்கிலீஷ்காரன் சமாச்சாரம். மலையில வேர்த்து நனைஞ்ச பருத்தி பனியனோட நின்னா உடம்பு ஐஸாகிடும், அது எவனையும் கொன்னுடும். நல்ல மெரினோ கம்பளி உள்ளாடை ஒண்ணு என்ன விலைன்னு அக்கா பையன் பார்த்துட்டு, "மாமா, இந்தக் காசுக்கு லுக்லாவே போயிடலாம்"னான். அவன் முதல் வேலையில சேர்ந்து ஒரு வருஷம் ஆகல.

நான் எடுத்த முடிவை வீரத்தனம்னு நினைச்சுடாதீங்க. ஜாக்கெட்டை அவனுக்கே குடுத்துட்டேன். புதுசு வாங்கினா அது முதல் சில துவைப்புல இன்னும் அதிகமாக் கொட்டுமே, பழசே தேவலைங்கிற கணக்கு ஒண்ணு. காத்து அடிக்கிற இடத்துல மேல ஒரு வழவழ மழைக்கோட்டு போட்டு மூடிக்கோடா, முடி வெளிய தேயாம இருக்கும்னு சொல்லியிருக்கேன். வழியில லாட்ஜ்ல துவைக்கப் போடாதேன்னும் சொல்லியிருக்கேன். "பதினாலு நாள் துவைக்காமயா?"ன்னான். உன் மாமன் அப்படித்தான் போனான்னேன்.

அவன் அப்பாகிட்ட ஆசீர்வாதம் வாங்க வந்தான். அப்பா காலைத் தொட விடாம ஜாக்கெட்டை வாங்கி, வாசல்ல நின்னு, முழுக்கப் பிரிச்சு, பத்துப் பதினஞ்சு தடவை பலமா உதறினார். மில்லுல பஞ்சு உதறுற மாதிரி. வெயில்ல ஆரஞ்சா ஏதோ பறந்துச்சு. "தாத்தா, இருமல் வரும், வேண்டாம்"னான் இவன். அவர் கேக்கல. "இங்கயே கொட்டட்டும். அங்க எதுக்கு."

அப்புறம் அரை மணி நேரம் இருமினார்.

ஏழாம் பாகத்துல அந்த வரியை நான் அழிக்கல. அழிச்சா பின்னூட்டத்துல கைதட்டின உங்க பேரெல்லாம் காத்துல நிக்கும். கீழ இப்படி ஒரு வரி சேர்த்திருக்கேன்: "மிட்டாய்த் தாள் விடலை. ஜாக்கெட்டுல இருந்து விழுந்ததை எண்ணலை." தேதி போட்டிருக்கேன்.

வலைப்பையில இருந்து எடுத்த ஆரஞ்சு உருண்டை மட்டும் மிச்சம். குப்பையில போட்டா எரிப்பாங்க, இல்லாட்டி காத்துல போகும். மண்ணுல புதைச்சா மண்ணுல இருக்கும். தங்கமணி அதை ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடி, பரண்ல ஜாக்கெட் இருந்த இடத்துல வெச்சிருக்காங்க. அப்பா உருக்கின கருப்பு மணியும் அதுக்குள்ளதான்.

டிஸ்கி: மேல வகுத்தல் கணக்குல "மூணே முக்கால் கால் குறைவா"ன்னு தடுமாறினது வேணும்னே எழுதினது இல்ல, அப்படித்தான் போட்டேன். திருத்தறதுக்கு ஒரு பதிவு போதும், விட்டுடுங்க.